வலைத்திடல் தெரு, கதவு எண் தொண்ணூற்றொன்பது

எங்கள் வெள்ளத்திடலின் நான்காம் வார்டில் அதுவரை தொண்ணூற்றெட்டு வீடுகள்தான் இருந்தன, கார்த்திகைப் புயலுக்குப் பிறகு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவை தொண்ணூற்றொன்பது ஆயின, அந்தக் கடைசி வீட்டைக் கட்டியவர் கொத்தனாரோ மேஸ்திரியோ இல்லை, இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருக்கும் சுகந்தி, அதுவும் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், பக்கத்தில் வைத்த டீ ஆறுவதற்குள் கட்டினாள்.

புயல் எங்கள் ஊரில் மூன்று ஃபைபர் போட்டையும் பதினோரு ஆண்களையும் எடுத்துக்கொண்டது. ஒரு உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை. தை பிறந்ததும் கடலோரக் குடும்பங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது, அதில் பெயர் ஏறினால்தான் இனி ரேஷன் கார்டு முதல் பள்ளிக்கூடச் சான்று வரைக்கும் எல்லாம் என்றார்கள். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைச் செய்த மகராசனுக்குக் கடல் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ‘நிலை’ என்று ஒரு கட்டம், தொட்டால் இரண்டே சொற்கள் கீழே இறங்கும், உயிருடன், இறந்தவர். இறந்தவர் என்று போட்டால் இறப்புச் சான்றிதழ் எண் கேட்கும், உடல் கிடைக்காதவனுக்கு ஏழு வருஷம் போகாமல் அந்தச் சான்றிதழைத் தர மாட்டார்கள். உயிருடன் என்று போட்டால், புருஷன் வீட்டில் இருக்கும்போது பெண்டாட்டி எப்படிக் குடும்பத் தலைவி ஆவாள் என்று சிவப்பு எழுத்தில் சண்டைக்கு வரும்.

சுகந்தி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த பெண், “ரெண்டுல ஒண்ணு செலக்ட் பண்ணுங்க மேடம்” என்றாள்.

“ரெண்டும் இல்லைங்க. கடலுக்குப் போனவங்க வரல.”

“அந்த ஆப்ஷன் இல்ல மேடம். விட்டுட்டும் போக முடியாது, அது கட்டாயம்.”

வெளியே பெஞ்சில் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடிவிடும். சுகந்தியோ பன்னிரண்டு வருஷமாக இந்தப் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவள், போன் நம்பர் இல்லாதவருக்குப் பத்து ஒன்பதுகளைப் போடுவாள், இன்ஷியல் இல்லாதவருக்கு ஒரு புள்ளி வைப்பாள், பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அவள் ஜனவரி ஒன்று என்று போட்டுப் போட்டு எங்கள் ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஆகிவிட்டோம். அன்றைக்கும் அவள் ஒரு சந்து கண்டுபிடித்தாள். தெருப் பட்டியலில் ‘வலைத்திடல் தெரு’ என்று ஒன்று இருந்தது. அது தெருவே இல்லை, வலை காயப்போடும் வெற்றுத் திடல், எந்தக் குமாஸ்தா எந்தக் காலத்தில் அதைத் தெரு என்று எழுதினாரோ தெரியாது. அங்கே 4/99 என்று ஒரு கதவு எண்ணை உண்டாக்கி, பதினோரு பேரையும் உயிருடன் என்று போட்டு, ஆளுக்கு ஒரு கார்டாகத் தனித்தனியே அந்த வீட்டில் குடிவைத்தாள். கூரை ஓடு, சுவர் செங்கல், அறை ஒன்று, கதவு ஒன்று, சன்னல் ஒன்று. அவசரத்தில் மற்றக் கட்டங்களில் எல்லாம் முதலில் இருந்த ‘இல்லை’யை அழுத்திக்கொண்டே போனாள். படிவம் வாயை மூடிக்கொண்டது, பதினோரு பெண்களும் குடும்பத் தலைவிகள் ஆகி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை வலை காயப்போடப் போனவர்கள் திடலின் நடுவே ஓட்டு வீடு ஒன்று நிற்பதைக் கண்டார்கள். சுவரில் நீலப் பெயிண்டில் 4/99. கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. கடல் அன்றைக்கு வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது, ஆனால் அந்த வீட்டு வாசல் மணல் மட்டும் ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே உள்ளே ஒருவர் இருமினார், பிறகு இன்னொருவர் இருமினார், தண்ணீரைக் குடித்துவிட்டவர்கள் இருமுகிற இருமல். ஊரே ஓடியது. புருஷன் இருமல் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகுமா, வேதவல்லி முதலில் தன்னுடையவரின் இருமலைப் பிரித்தெடுத்தாள், மத்தியானத்துக்குள் பதினோரு இருமலுக்கும் ஆள் வந்துவிட்டது.

கதவைத் திறக்கத்தான் முடியவில்லை. கடப்பாரையால் நெம்பினோம், ஒரு கீறல்கூட விழவில்லை. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, கேட்டால் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். வந்த முதல் வழக்கே வலை காயப்போட இடம் போச்சு என்பதுதான். ஊர்த் தலைவர் சிங்காரவடிவேல் பஞ்சாயத்தைக் கூட்டி, “வூடு பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், வலையக் கெழக்கால காயப்போடுங்க. ஓட்டு மேல யாரும் எதையும் போடக் கூடாது” என்று முடித்துவைத்தார். தபால்காரர் அந்தக் கதவு இடுக்கில் வாக்காளர் சீட்டுகளைச் செருகிவிட்டுப் போனார். மாரியம்மன் ஊர்வலம் அங்கேயும் நின்று சூடம் ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. நாய்கள் மட்டும் திடலைச் சுற்றிக்கொண்டு போயின, காகம் எதுவும் அந்த ஓட்டில் உட்காரவில்லை, அதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் வேதவல்லி இ-சேவை மையத்தில் வந்து நின்று கத்தினாள். “ஏண்டி சுகந்தி, பதினோரு ஆம்பளைங்களக் கொண்டுபோய் வெச்ச வூட்டுல ஒரு கக்கூஸ் போடத் தோணலியா ஒனக்கு? வெளக்கு இல்ல, வெந்நி வெக்க அடுப்பு இல்ல. ஒன் வூட்டு ஆம்பளயா இருந்தா இப்புடித்தான் போடுவியா?”

சுகந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. படிவத்தைத் திறந்து கழிப்பறை என்ற இடத்தில் ‘உண்டு’ என்று மாற்றினாள். சாயங்காலம் அந்த வீட்டின் பின்னால் ஒரு தகரக் கதவு முளைத்திருந்தது. மின் இணைப்பு உண்டு என்றாள், கதவுக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. எரிவாயு உண்டு என்றாள், அரிசி கொதிக்கிற வாசம் வந்தது. மின்விசிறியை மாற்றி ‘சேமி’யை அழுத்துவதற்குள் கரண்ட் போய்விட்டது, ஆனால் அந்த இடைப்பட்ட நேரத்தில் உள்ளே விசிறி சுற்றிய சத்தத்தையும் பிறகு அது நின்றதையும் வாசலில் இருந்தவர்கள் கேட்டார்கள். சேமிக்காமல் விட்டாலும், கட்டம் திறந்திருக்கும் வரைக்கும் உள்ளே நடக்கும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

கட்டம் இல்லாதது எதுவும் உள்ளே போகவில்லை. வாசலில் வைத்த மீன்குழம்பு அப்படியே கெட்டுப்போனது. கடிதம் எழுதிக் கதவுக்கடியில் தள்ளினால் கூழாகித் திரும்பி வந்தது. குரலும் போகவில்லை. வேதவல்லி தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவள் புருஷன் தன்பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தார். நுழைய இடுக்கு உண்டா என்று சுகந்தி அந்தப் படிவத்தின் அறுபத்திரண்டு கட்டங்களையும் நாள்தோறும் தடவிப் பார்த்தாள், பத்து நிமிடம் ஆனால் அது பாதியிலேயே அவளை வெளியே தள்ளித் தட்டியதையெல்லாம் அழித்துவிடும், அந்தக் கடுப்பில் மேலிடத்துக்கு மூன்று முறை புகார்கூட எழுதினாள்.

பதினோரு பேரில் இளையவன் நாகேந்திரன். அவன் கடலுக்குப் போனபோது அவன் பெண்டாட்டி பவளக்கொடிக்கு ஐந்து மாதம். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. முப்பது கழிந்ததும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சன்னலுக்குக் கீழே உட்கார ஆரம்பித்தாள், “இந்தா பாருங்க, ஒங்க பொண்ணு வந்திருக்கு” என்று தினமும் சொல்லுவாள், உள்ளே அவன் இருமல் முந்தைய நாள் மாதிரியே மாறாமல் வரும். அவன் செத்தானா பிழைத்தானா என்பதைவிட, தனக்கு ஒரு பெண் பிறந்தது தெரியாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கவும் மறுத்துவிட்டாள். ஊரே அதைப் பாப்பா என்று கூப்பிட்டது.

ஆவணியில் ஒரு நாள் அவள் சுகந்தி முன்னால் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, அவருக்கு ஒரு வார்த்த தெரியணும். பொண்ணுன்னு. அது போதும்க்கா, வேற ஒண்ணும் வேணாம்.”

“அதுக்குக் கட்டம் இல்ல பவளம்.”

“கட்டம் இல்லாததுக்கெல்லாம் நீங்க வழி பண்ணிருக்கீங்க.”

சுகந்தி முதலில் ‘அருகில் உள்ள அடையாளம்’ என்ற கட்டத்தில் ‘பவளக்கொடிக்குப் பெண் பிறந்திருக்கிறது’ என்று அடித்துப் பார்த்தாள். மறுநாள் மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் முக்குக்கடையில் நின்று, “பவளக்கொடிக்குப் பெண் பிறந்திருக்கிறதுக்குப் பக்கத்து வீடு எதுங்க?” என்று விசாரித்தார். அடையாளம் வெளியே இருந்து வருகிறவர்களுக்கானது, உள்ளே இருப்பவனுக்கு அது போய்ச் சேரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம்தான், ‘சார்ந்திருப்பவர்கள்’. நாகேந்திரன் கார்டில் அங்கே பூஜ்யம் இருந்தது. ஒன்று என்று மாற்றியதும் பெயர், பாலினம், வயது, உறவு என்று ஒரு வரிசை திறந்தது, அதற்குக் கீழே ‘அதே கதவு எண்ணில் வசிப்பவர்’ என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தது, அதை எடுக்க முடியவில்லை. சுகந்தி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“சேமிச்சா புள்ள உள்ள போயிடும்டி” என்றாள். “இந்தப் படிவத்துல சேக்கத்தான் வழி இருக்கு, நீக்க வழி இல்ல.”

“சேமிக்காதீங்க. வெசிறி மாதிரி. தொறந்து வெச்சிட்டு பத்து நிமிஷத்துல வுட்டுடுங்க. அது தானா அழிஞ்சிடும்ல?”

பஞ்சாயத்தில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு விளையாடுவதா என்று வேதவல்லி எழுந்து நின்று கேட்டாள், பவளக்கொடி அவளிடம், “ஒங்க புள்ளைங்களோட மொகம் அவருக்குத் தெரியும்ல பெரியம்மா” என்று மட்டும் சொன்னாள், வேதவல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை பதினோரு மணி என்று முடிவாயிற்று. சுகந்தி கீபோர்டிலிருந்து எண்டர் பட்டனை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். திரையில் ‘சேமி’ என்று இருந்த இடத்தின் மேல் தன் நெற்றிப் பொட்டைப் பிய்த்து ஒட்டினாள். போன வாரம்தான் படிவத்தைப் புதுப்பித்திருக்கிறோம் என்று மேலிடத்திலிருந்து ஒரு ஆங்கிலச் சுற்றறிக்கை வந்திருந்தது, வாரம் ஒன்று அப்படி வரும், அவள் அதைப் படிக்கவில்லை.

பவளக்கொடி குழந்தையோடு சன்னலுக்குக் கீழே நின்றாள். பக்கத்தில் வேதவல்லி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஊர் சற்றுத் தள்ளி நின்றது.

“பேரச் சொல்லு பவளம்” என்றது போனில் சுகந்தியின் குரல். “பேரு போடாம கீழ போவ வுட மாட்டேங்குது.”

பவளக்கொடி அதை யோசித்திருக்கவில்லை. “பூங்கோதை” என்றாள். “புது போட்டு வாங்குனா வெக்கணும்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்த பேரு.”

பூங்கோதை. பெண். வயது பூஜ்யம் என்பதைப் படிவம் ஏற்கவில்லை, சுகந்தி ஒன்று என்று போட்டாள், அந்த நொடியில் ஐந்து மாதக் குழந்தையின் ஈறில் இரண்டு பல் தெரிந்தது என்று வேதவல்லி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். உறவு என்ற இடத்தில் மகள் என்று தேர்ந்தெடுத்ததும் உள்ளே இருமல் நின்றது. ஒன்று நின்றது, பிறகு மற்றப் பத்தும் நின்றன. ஏழு மாதமாக நாங்கள் கேட்டுப் பழகிப்போன சத்தம் இல்லாமல் போனதும் எங்களுக்குக் காது அடைத்த மாதிரி ஆயிற்று. சன்னல் இரண்டு விரற்கடை திறந்தது.

“தெரிஞ்சிடுச்சா?” என்றாள் சுகந்தி.

பவளக்கொடி குனிந்து குழந்தையைப் பார்த்தாள். அவள் கையில் குழந்தை எடை குறைந்துகொண்டிருந்தது. முதலில் தன் கை மரத்துப்போனதாக நினைத்தாள், பிறகு சட்டையின் ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள், நாக்கில் பட்டபோது அது உப்புக் கரித்தது. குழந்தை சன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கையை நீட்டியது. தலைவர், “ஒம்போது நிமிஷம் ஆச்சு, இன்னம் ஒண்ணுதான், பொறுத்துக்கம்மா” என்றார்.

பத்தாவது நிமிடம் ஆனபோது படிவம் சுகந்தியை வெளியே தள்ளவில்லை. திரையின் நடுவில் ஒரு பச்சைப் பெட்டி வந்தது. ‘நேரம் முடிந்தது. தட்டச்சு செய்த தகவல் அழிவதாக வந்த புகார்களின் பேரில், இனி உங்கள் தகவல் தானாகவே சேமிக்கப்படும்.’ அதற்குக் கீழே அறுபது என்ற எண் நின்றது, ஐம்பத்தொன்பது ஆயிற்று. அது தான் எழுதிய புகார் என்பது சுகந்திக்குப் புரிவதற்கு இரண்டு நொடி பிடித்தது. பெயரை அழிக்கப் பார்த்தாள், கட்டம் பூட்டிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது, தட்டியதெல்லாம் எப்போதோ மேலே போய்ச் சேர்ந்திருந்தது, பிடுங்கினால் இங்கேதான் இருட்டும். எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டன, ஒன்றைத் தவிர. நாகேந்திரன் பெயருக்கு எதிரே ‘நிலை’ மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. அங்கே இறந்தவர் என்று போட்டால் சான்றிதழ் எண் கேட்கும், எண் இல்லாமல் சேமிக்காது, எதையும் சேமிக்காது. அந்தப் படிவத்தின் அந்த முரட்டுப் பிடிவாதம் ஊரில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“பவளம், புள்ளயக் கெட்டியாப் புடிச்சுக்க” என்றாள். “நான் சொல்றதக் கேளு. இது தானா சேமிக்கப் போவுது. நிறுத்த ஒரே வழிதான் இருக்கு. அவர நான் செத்துட்டாருன்னு போடணும். போட்டா, கட்டம் தொறந்திருக்குற வரைக்கும் அது உள்ள நடக்கும். நீ சொல்லாம நான் போட மாட்டேன். முப்பத்தஞ்சு நொடி இருக்கு.”

புயலுக்குப் பிறகு எவ்வளவோ பேர் எவ்வளவோ விதமாகக் கேட்டும் பவளக்கொடி அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. குழந்தையை மார்போடு இறுக்கினாள், இறுக்கியும் கைக்குள் ஒரு துணி மட்டும் இருப்பதுபோல இருந்தது. அப்போதுதான் சன்னல் இன்னும் விலகி ஒரு கை வெளியே வந்தது. நாகேந்திரன் கைதான், கட்டைவிரலில் தூண்டில் கிழித்த தழும்பு இருந்தது, நீரில் ஊறி வெளுத்திருந்தது. அது குழந்தையின் இடது உள்ளங்காலைத் தேடிப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தது, கட்டைவிரல் ஒவ்வொரு சின்ன விரலாகத் தடவி எண்ணியது. இழுக்கப்போகிறது என்று ஊரே அலறியது. அந்தக் கை தள்ளியது. குழந்தையின் காலில் தன் உள்ளங்கையை வைத்து, கரையில் நின்று போட்டைத் தள்ளிவிடுகிற மாதிரி, முழுப் பலத்தோடு வெளியே தள்ளியது.

“போட்டுடுங்கக்கா” என்றாள் பவளக்கொடி.

சுகந்தி போட்டாள்.

கை காலை விட்டது. சன்னல் சாத்திக்கொண்டது. குழந்தையின் எடை ஒரேயடியாகத் திரும்பி வந்ததில் பவளக்கொடி மணலில் உட்கார்ந்தேவிட்டாள், பூங்கோதை வீறிட்டு அழுதது, பிறந்தபோதுகூட அது அப்படி அழவில்லை. இ-சேவை மையத்தில் பச்சைப் பெட்டி மறைந்து சிவப்புப் பெட்டி வந்தது. ‘சான்றிதழ் எண் இல்லை. படிவம் சேமிக்கப்படவில்லை.’

உள்ளே இருமல் மறுபடி தொடங்கியது. நாங்கள் எண்ணினோம். பத்து வந்தது. விசிறி நின்றது போல இதுவும் திரும்பிப் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்து அன்று முழுக்க உட்கார்ந்து எண்ணினோம், மறுநாளும் எண்ணினோம். பதினோராவது வரவில்லை. சாவு மட்டும் சேமிக்காவிட்டாலும் நிலைத்துவிடுகிறது என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பதிவேட்டில் இன்றைக்கும் நாகேந்திரன் உயிருடன்தான் இருக்கிறான், வலைத்திடல் தெரு, சார்ந்திருப்பவர்கள் பூஜ்யம்.

அன்றைக்குச் சுகந்தி செருப்புகூடப் போடாமல் திடலுக்கு ஓடி வந்தாள். பவளக்கொடியின் காலடியில் விழுந்து, “நான்தான்டி எழுதினேன், நான்தான் அந்தப் புகார எழுதினேன்” என்று மண்ணில் முட்டிக்கொண்டு அழுதாள். பவளக்கொடி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் சுகந்தியின் தலையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“அவருக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா” என்றாள். “வெரல எண்ணிப் பாத்தாருல்ல. தெரிஞ்சுதான் தள்ளிவுட்டாரு.”

பதினாறாம் நாள் கடற்கரையில் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம், அன்றைக்கே குழந்தைக்குப் பெயரும் வைத்தோம், இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாமா என்று யாரும் வாய் திறக்கவில்லை. மற்றப் பத்துப் பெண்களும் சுகந்தியிடம் போய் எந்தக் கட்டத்தையும் மாற்றச் சொல்லவில்லை, விசிறியைக்கூட. திடலுக்குப் போய் உட்கார்ந்து இருமலை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

பூங்கோதை இப்போது நடக்கிறாள். வலது கால் வைத்த இடத்தில் ஒன்றும் தெரியாது, இடது கால் வைத்த இடத்தில், சித்திரை வெயிலில்கூட, சிமெண்ட் தரையில் ஐந்து விரலும் ஈரமாக விழுகின்றன. அது தானாகக் காயும் வரைக்கும் பவளக்கொடி அந்தப் பக்கம் விளக்குமாறு கொண்டுபோவதில்லை.